அணுக்கடிகார விளக்கின் தேய்மானம்

(கொச்சி, மட்டாஞ்சேரியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்தவன் அணுக்கடிகாரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இயற்பியல் துறையினர் இவ்வவையில் இருக்கின்றனர். எனது விளக்கத்தில் பிழை காணின் அவர்கள் திருத்துவார்களாக. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் என் துறைக்கு அந்நியமானதன்று. தேய்மானம் என்பது கணக்கேடுகளில் நாள்தோறும் நாம் எழுதும் சொல். ஒரு கருவி கண்ணுக்குத் தெரியாமல் எவ்வாறு தேய்கிறது, அத்தேய்வை முன்கூட்டி அளக்க இயலுமா, அளந்தபின் அதற்கு எப்போது பணம் ஒதுக்குவது என்பவை பொருளாதார வினாக்களே. இவ்வினாக்களை மிகக் கூர்மையாக எழுப்பும் ஒரு பொருளாக எனக்குத் தென்பட்டது, அணுக்கடிகாரத்தினுள் எரியும் ஒரு சிறு விளக்கு.

காலத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊர் பொருத்தமானது. இங்கிருந்து சில நிமிட நடையில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத வழிபாட்டு ஆலயம் உள்ளது. அதனருகே 1760இல் எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் ஒரு முகத்தில் எபிரேய எண்கள்; மற்றொன்றில் ரோம எண்கள். ஆலயத்துக்குச் செல்வோர்க்கு ஒரு முகம், கடைத்தெருவினர்க்கு ஒரு முகம் எனப் பலமொழி மக்கள் வாழ்ந்த துறைமுகத்தின் பொதுக் கடிகாரமாக அது விளங்கிற்று. பின்னர் அது நெடுங்காலம் ஓடாமல் நின்றது. சென்ற நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே பழுதுபார்க்கப்பட்டது. கூண்டுக் கடிகாரம் நின்றால் தெருவில் நடப்போர் அனைவருக்கும் தெரியும். நான் பேசவிருக்கும் கடிகாரம் பிழைபட்டால் அது பெரும்பாலும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதே தெருவில்தான் 1957இல் மிளகு முன்பேர வணிகம் தொடங்கியது. வணிகர்கள் கூடிக் கூவி விலை கேட்ட காலத்தில் யார் முந்திக் கேட்டார் என்பதைக் காதும் கண்ணும் முடிவுசெய்தன. கணினி வழி வணிகத்தில் அதை முடிவுசெய்வது நேர முத்திரை. மின்கட்டமைப்பு, தொலைபேசி நிலையம், வங்கிப் பரிமாற்றம் ஆகிய அனைத்தும் இன்று ஏதோ ஓர் அணுக்கடிகாரத்தின் நேரத்தைக் கடன் வாங்கியே இயங்குகின்றன. தோப்பும்படியிலுள்ள மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகு ஒன்றின் இருப்பிடம் அறியப்படுவதும் அவ்வாறே.

இதைச் சற்று விளக்க வேண்டும். படகிலுள்ள இடங்காட்டிக் கருவியில் அணுக்கடிகாரம் கிடையாது. மலிவான குவார்ட்சுக் கடிகாரமே உண்டு. அணுக்கடிகாரம் இருப்பது செயற்கைக்கோளில். 'நான் இந்நொடியில் இந்த இடத்திலிருந்து இதனை அனுப்பினேன்' என்னும் செய்தியைச் செயற்கைக்கோள் ஒலிபரப்புகிறது. வந்துசேர எடுத்த காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கிறது. நமது நாவிக் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளமையால் அச்செய்தி வந்துசேர நொடியில் எட்டில் ஒரு பங்களவு நேரம் பிடிக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து செய்தி கிடைத்தால் படகின் மூன்று ஆயங்களையும், படகுக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம். படகின் கடிகாரம் தவறலாம். வானத்துக் கடிகாரம் தவறலாகாது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிழை. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீட்டர்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலிலும் கேரளக் கடலிலும் செய்த அழிவை இக்கரையில் வாழ்வோர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் இருந்த இடம் கரைக்குத் தெரியவில்லை. அதன்பின்னரே படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் முயற்சிகள் விரைவுபெற்றன. 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 1 இலட்சம் மீன்பிடிக் கலங்களில் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம், ஏறத்தாழ 360 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகளுக்கு அடியில் இருப்பது, தன் இடத்தைப் படகு சரியாக அறியும் என்னும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுமப்பவற்றுள் ஒன்று, விரல்நுனி அளவே உள்ள ஒரு கண்ணாடிக் குமிழ்.

ருபீடியம் அணுக்கடிகாரத்தின் அமைப்பைக் கூறுகிறேன். ருபீடியம்-87 என்னும் ஐசோடோப்பின் அணுவுக்கு அதன் தாழ்நிலையிலேயே மிக நெருங்கிய இரு ஆற்றல் படிகள் உள்ளன. அவற்றுக்கிடையே அணுவை மாற்றும் நுண்ணலையின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 683 கோடியே 46 இலட்சத்து 83 ஆயிரம். இந்த எண்ணை எந்தத் தொழிற்சாலையும் தீர்மானிப்பதில்லை. அது இயற்கை வகுத்தது. கடிகாரத்தின் பணி, ஒரு குவார்ட்சு அலையியற்றியை இவ்வெண்ணோடு இடைவிடாது ஒத்துப்பார்த்து நேர்நிறுத்துவதே. ஒத்துப்பார்ப்பது எவ்வாறு? அங்கேதான் விளக்கு வருகிறது.

விளக்கினுள்ளும் ருபீடியமே எரிகிறது. சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றில் மிகச் சிறிதளவு ருபீடியமும், கிரிப்டான் அல்லது செனான் போன்ற மந்த வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும். குமிழைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் வானொலி அதிர்வெண் மின்னோட்டம் பாய, உள்ளே மின்னிறக்கம் ஏற்பட்டு ஒளி தோன்றும். அவ்வொளியிலிருந்து வேண்டாத கூறு ஒன்றை ருபீடியம்-85 அடைத்த வடிகலம் உறிஞ்சிவிடும். எஞ்சிய ஒளி, ருபீடியம்-87 ஆவி நிறைந்த மற்றொரு கண்ணாடிக் கலத்தினூடே சென்று, இரு படிகளில் ஒன்றிலுள்ள அணுக்களை எழுப்பி மறுபடிக்குத் தள்ளிவிடும். அந்தப் படி காலியானபின் ஒளியை உறிஞ்ச அணுக்கள் குறைவு; ஆகவே ஒளி தாராளமாக ஊடுருவி, அப்பாலுள்ள ஒளிமின்கலத்தை அடையும். இப்போது சரியான அதிர்வெண்ணுள்ள நுண்ணலையைச் செலுத்தினால் அணுக்கள் மீண்டும் காலியான படிக்கு வரும். ஒளி சற்றே மங்கும். அந்த மங்கல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். அதைக் கண்டுபிடித்துத்தான் கடிகாரம் தன் நேரத்தை அறிகிறது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அணுக்களைத் தயார்செய்வதும் அதே ஒளி. அவை தயாராயினவா என்று பார்த்துச் சொல்வதும் அதே ஒளி. பணம் வழங்கும் அலுவலரே தணிக்கையும் செய்வது போன்ற அமைப்பு இது. நமது விதிமுறைகள் இதை அனுமதிப்பதில்லை, இயற்பியல் அனுமதிக்கிறது. ஆகவே விளக்கில் ஏற்படும் குறை, கடிகாரத்தின் கணக்கில் இருமுறை பதிவாகிறது.

விளக்கு எவ்வாறு தேய்கிறது என்பதற்கு வருவோம். நம் வீட்டுக் குழல்விளக்கு பழையதாகும்போது இரு முனைகளும் கருத்துப்போவதை அனைவரும் கண்டிருக்கிறோம். மின்முனையில் பூசிய பொருள் சிதறிச் செலவாவதே காரணம். ருபீடியம் விளக்கில் மின்முனையே இல்லை. ஆற்றல் வெளியிலிருந்து கண்ணாடியை ஊடுருவிச் செல்கிறது. எனவே அந்த வகைத் தேய்வு இதற்குக் கிடையாது. இதன் உறவினரைத் தேட வேண்டுமானால் தெருவுக்கு வர வேண்டும். எல்.இ.டி. விளக்குகள் பரவுவதற்கு முன் நம் சாலைகளில் மஞ்சள் ஒளி வீசிய சோடியம் விளக்குகளை நினைவுகூருங்கள். முதுமையடைந்த அவ்விளக்கு பற்றும், சிறிது நேரம் எரியும், அணையும், குளிர்ந்தபின் மீண்டும் பற்றும். சோடியமும் ருபீடியமும் ஒரே கார உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சூடான நிலையில் இவை சாதாரணக் கண்ணாடியை அரித்துப் பழுப்பாக்கிவிடும். அதனால்தான் 1930களில் வந்த தாழ்அழுத்தச் சோடியம் விளக்குகளின் உட்புறத்துக்குச் சோடியத்தைத் தாங்கும் தனிக் கண்ணாடி தேவைப்பட்டது. 1960களில் வந்த உயர்அழுத்த விளக்குக்கு அலுமினியம் ஆக்சைடுக் குழாய் தேவைப்பட்டது.

ருபீடியம் விளக்கில் நிகழ்வதும் இதுவே. 100 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் இயங்கும் குமிழினுள், ருபீடியம் அணுக்கள் சிறிது சிறிதாகக் கண்ணாடிச் சுவருக்குள் புகுகின்றன. அங்குள்ள மாசுகளுடன் சேர்ந்து தங்கிவிடுகின்றன, திரும்புவதில்லை. விளக்கினுள் அடைக்கப்படும் உலோகமோ மைக்ரோகிராம் கணக்கு. நூறு மைக்ரோகிராம் ருபீடியத்தை உருட்டினால் அரை மில்லிமீட்டர்த் துளி. கடுகில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்குதான் அக்கடிகாரத்தின் மூலதனம். வெளியிலிருந்து அதனை நிரப்ப வழியில்லை.

அதிகமாக அடைத்துவிட்டால் என்ன என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றிற்று. நீர்மநிலையில் உள்ள உபரி ருபீடியம் குமிழினுள் இடம்பெயர்ந்து, ஒளி வெளிவரும் பக்கத்தில் படலமாகப் படிந்து, ஒளியை ஏற்ற இறக்கமாக்கும்; மின்னிறக்கம் பற்றுவதற்கும் இடையூறாகும். ஆகவே குறைந்தால் ஆயுள் குறைவு, மிகுந்தால் நிதானம் குறைவு. நடுவில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு, ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. அத்திட்டத்தின் தொடக்கக் காலத்தில் ருபீடியம் விளக்குகளின் ஆயுள் பெருங்கவலையாக இருந்தமையால், அதைக் கணிக்கும் முறையான ஆய்வு அங்கு மேற்கொள்ளப்பட்டு 1980களில் வெளியாயிற்று. பல மாதங்கள் எரிந்த குமிழில் எவ்வளவு ருபீடியம் எஞ்சியுள்ளது என்பதை, குமிழை உடைக்காமல் அறிவது எப்படி? ருபீடியம் ஏறத்தாழ 39 டிகிரியில், அதாவது நம் உடல் வெப்பத்தைச் சற்றே தாண்டியதும் உருகும் உலோகம். உருகும்போது அது வெப்பத்தை ஈர்க்கும். ஈர்த்த வெப்பத்தை நுட்பமாக அளந்தால் உலோகத்தின் நிறை தெரிந்துவிடும். நூறு மைக்ரோகிராமுக்கு அந்த வெப்பம் ஒரு ஜூலில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு அளவே. இருப்பினும் அளந்தார்கள். கிடங்கின் கதவைத் திறக்காமலேயே இருப்புக் கணக்கு எடுப்பது போன்ற முறை இது. சரக்குக் கணக்கு எடுத்துச் சலித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப் பொறாமையே உண்டு.

அளவீடுகள் காட்டிய போக்கு பொருளாதார மாணவர்க்குச் சுவையானது. தொடக்கத்தில் இழப்பு விரைவாக நிகழ்கிறது. பின்னர் அது காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. சுவரின் மேற்பரப்பு நிறைந்தபின் அணுக்கள் ஆழத்துக்கு ஊடுருவிச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். உவமைக்காக, முதலாண்டில் 10 மைக்ரோகிராம் செலவாயிற்று எனக் கொள்வோம். நாம் வழக்கமாகப் போடும் நேர்கோட்டுத் தேய்மானப்படி 12 ஆண்டில் 120 மைக்ரோகிராம் போய்விடும். நூறு மைக்ரோகிராம் அடைத்த விளக்கு பத்தாண்டில் இறக்கும் என்று எழுதிவைப்போம். வர்க்கமூல விதிப்படி 4 ஆண்டில் 20, 9 ஆண்டில் 30. 12 ஆண்டில் 35க்குள் அடங்கிவிடும். முதலாண்டுச் செலவைக் கண்டு அஞ்சி நல்ல விளக்கைக் கழித்துவிடுதல் ஒரு பிழை. விரைவான தொடக்க இழப்பு முடியும் முன்னரே விண்ணுக்கு அனுப்பிவிட்டு, பின்னர் எஞ்சியிருப்பது போதும் என்று நம்புதல் மற்றொரு பிழை. எனவே விளக்கைத் தரையிலேயே பல நாட்கள் எரியவிட்டு, இருப்பை அளந்து, அதன் பின்னரே தேர்ந்தெடுக்கின்றனர். காரத்தைத் தாங்கும் அலுமினோசிலிகேட் கண்ணாடியைப் பயன்படுத்துவதும் சற்றுக் கூடுதலாக ருபீடியம் அடைப்பதும் ஆயுளை நீட்டின.

இனி, அலுவலர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டிய செய்தி. ருபீடியம் குறைந்துகொண்டே வரும்போது விளக்கின் ஒளி அதே விகிதத்தில் குறைவதில்லை. குமிழினுள் ஒரு துளி நீர்மம் எஞ்சியிருக்கும் வரை, ஆவியின் அடர்த்தியைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. துளியின் பருமன் அன்று. பானையில் அரைப் பங்கு நீர் இருந்தாலும் அடியில் இரண்டு குவளை இருந்தாலும் குவளையில் மொள்ளும் நீர் ஒன்றுபோலவே இருக்கும். பானை வற்றிய பின்னரே தெரியும். கடைசித் துளி போனதும் ருபீடியத்தின் ஒளி தளர்ந்து, மந்த வாயுவின் ஒளியே மிஞ்சும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்; ஆனால் கடிகாரத்துக்கு வேண்டிய ஒளி அதில் இராது.

இதற்கிடையே மெல்ல நிகழும் மாற்றங்கள் வேறு உண்டு. கண்ணாடி நிறம் மாறி ஒளியை மறைப்பது, மந்த வாயு சுவரில் சிக்குவது, மின்னிறக்கம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவுவது ஆகியவை ஒளியின் அளவையும் நிறக்கூறையும் மாற்றுகின்றன. ஒளி மாறினால், அவ்வொளியில் நனைந்திருக்கும் அணுவின் அதிர்வெண்ணே சிறிது இடம்பெயர்கிறது. வடிகலத்தையும் வெப்பநிலையையும் தக்கவாறு அமைத்து இவ்விளைவை ஏறத்தாழச் சுழியாக்குவது வடிவமைப்போரின் கலை. முழுவதும் சுழியாவதில்லை. விளக்கின் ஒளியில் திடீரெனச் சிறு தாவல்கள் நிகழ்ந்து, அவற்றோடு கடிகாரத்தின் அதிர்வெண்ணும் தாவுவதை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் கண்டிருக்கின்றனர். அதிர்வெண் ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு மாறி, ஒரு நாள் முழுவதும் எவரும் திருத்தாமல் விட்டால், சேரும் பிழை 86 நானோநொடி. தொலைவில் 26 மீட்டர். தரை நிலையங்கள் நாள்தோறும் திருத்தம் அனுப்புகின்றனவாதலால் படகோட்டி இதை உணர்வதில்லை.

கடிகாரத்தில் தேய்வது விளக்கு மட்டுமன்று. வளிமண்டலத்தில் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கே உள்ள ஹீலியம் வாயு, தரையிலுள்ள கடிகாரத்தின் கண்ணாடிக் கலத்துக்குள் மெல்லக் கசிந்து அதன் அதிர்வெண்ணை மாற்றுகிறது. நொடிக்கு இலக்கணமாக 1967 முதல் விளங்கும் சீசியம் வகைக் கடிகாரத்திலும், கற்றைக் குழாயினுள் இருக்கும் சீசியம் தீரக்கூடிய இருப்பே. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைப் பேண ஒன்றல்ல, பல கடிகாரங்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதன் பொருள் இதுதான்.

நம் நாட்டின் அனுபவத்துக்கு வருகிறேன். முதல் நாவிக் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. 2016 ஏப்ரலில் ஏழாவது சென்றது. பத்தாண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்ட இவை ஒவ்வொன்றிலும் மும்மூன்று ருபீடியம் கடிகாரங்கள்; அனைத்தும் சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கப்பட்டவை. 2016இன் நடுப்பகுதி முதல் 1ஏ-யின் கடிகாரங்கள் செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டு 31 அன்று அனுப்பிய 1எச், வெப்பக் கவசம் பிரியாமையால் பயன்படாது போயிற்று. 2018 ஏப்ரல் 12 அன்று 1ஐ சென்றது. பின்னர் வேறு சில செயற்கைக்கோள்களும் கடிகாரங்களை இழந்து, இடங்காட்டும் பணியிலிருந்து விலகின. அத்தகையன சில ஒருவழிச் செய்தி ஒலிபரப்புக்குப் பயன்படுத்தப்பட்டுள்ளன. நேரம் சொல்ல இயலாத செயற்கைக்கோளும் செய்தி சொல்ல உதவிற்று என்பது ஓர் ஆறுதல்.

இக்கடிகாரங்கள் விளக்கின் தேய்வினால் செயலிழந்தன என்று நான் கூறவில்லை. அவ்வாறு எவரும் எழுதிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய கலிலியோ அமைப்பில் 2017 ஜனவரியில், 18 செயற்கைக்கோள்களில் 9 கடிகாரங்கள் நின்றுபோனதாக அறிவித்தனர். அவற்றுள் 3 ருபீடியம், 6 ஹைட்ரஜன் மேசர். ருபீடியம் கடிகாரங்களைப் பொறுத்தவரை, தரையில் செய்த ஒரு சோதனை முறையோடு தொடர்புடைய மின்குறுக்கே காரணமாக இருக்கக்கூடும் என அங்கு கருதப்பட்டது. இது விபத்து, விளக்கின் தேய்வு முதுமை. கோப்புகளில் இவ்விரண்டையும் நாம் 'பழுது' என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகிறோம். விபத்துக்குக் காப்பு, மாற்றுக் கருவி. முதுமைக்குக் காப்பு, நாட்குறிப்பும் நிதி ஒதுக்கீடும். ஒரே தொகுதியில் செய்த மூன்று விளக்குகளை ஒரே நாளில் ஏற்றிவைத்தால் மூன்றும் ஒரே பருவத்தில் முதுமையடையும். மூன்றிருக்கிறதே என்ற கணக்கு அங்கே உதவாது. அணைத்து வைத்த மாற்றுக் கடிகாரத்தின் விளக்கு, குளிர்ந்த நிலையில் மெதுவாகவே தேயும். எதை எரியவிடுவது, எதை அணைத்துவைப்பது என்பதும் ஒரு முதலீட்டு முடிவுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே கூறாவிடில் நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு நிலையத்தின் பொறியாளர், தம்மிடமுள்ள ருபீடியம் கடிகாரத்தின் விளக்குத் தொகுதியை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். இயங்கிய ஆண்டுகளையும், விளக்கொளியைக் காட்டும் மின்னழுத்த அளவு மாதந்தோறும் இறங்கிவருவதையும் அட்டவணையாக இணைத்திருந்தார். கடிகாரம் அப்போது சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. 'கருவி நல்ல நிலையில் உள்ளது. பழுதானபின் முன்மொழிக' என்று குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பினேன். எரியும் விளக்கை ஏன் மாற்றினீர்கள் என்று தணிக்கையில் வினா வரும் என்பது என் அச்சம். ஏழு மாதங்களில் கடிகாரம் நிலைகுலைந்தது. வெளிநாட்டிலிருந்து உதிரியை வரவழைக்கப் புதிய ஒப்பந்தப்புள்ளி, அந்நியச் செலாவணி, சுங்கம் என ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அதுவரை மற்றொரு நிலையத்தின் கடிகாரத்தை இரவல் பெற்று ஓட்டினர். மிச்சப்படுத்திய தொகையைப் போல் பலமடங்கு அந்த இரவலிலும் பயணப்படியிலும் போயிற்று. அப்பொறியாளர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் அன்றிலிருந்து விளக்குகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

விதிமுறைகளில் குறையில்லை. ஆயுள் வரையறுக்கப்பட்ட உறுப்பு என்று விவரக்குறிப்பில் எழுதியிருந்தால், பழுதாகும் முன் மாற்றுவதற்கு எந்தத் தணிக்கையும் தடை சொல்லாது. எழுதாமல் விட்டது நாம். விலைகுறைந்த புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, கருவியின் விலையோடு பத்தாண்டுக்கு வேண்டிய விளக்குகளின் விலையையும் சேர்த்துக் கூட்டிப்பார்த்தால் வரிசை மாறிவிடக்கூடும். விளக்கொளியின் அளவீட்டை மாதம் ஒருமுறை பதிவுசெய்ய ஒரு பதிவேடும் ஒரு மனிதரும் போதும். அதற்குத் தனி ஒதுக்கீடு தேவையில்லை.

உள்நாட்டு உற்பத்தியைப் பற்றி ஒரு சொல். அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ருபீடியம் கடிகாரம், 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் முதன்முறையாகச் சென்றது. அச்செயற்கைக்கோளின் ஆயுள் இலக்கு 12 ஆண்டு. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற என்.வி.எஸ்.-02 உள்நாட்டுக் கடிகாரத்தையும் வாங்கிய கடிகாரங்களையும் சுமந்தது. ஆனால் இயந்திரத்துக்கு ஆக்சிஜனேற்றியைச் செலுத்தும் ஓரடைப்பு திறவாமையால் உரிய பாதைக்கு அதை உயர்த்த இயலவில்லை. கடிகாரத்தில் குறை ஏதும் இல்லாமலும் ஒரு செயற்கைக்கோள் பயன்படாது போகலாம் என்பதற்கு இது சான்று.

உள்நாட்டில் செய்வதால் அந்நியச் செலாவணி மிச்சம் என்று பேசுகிறோம். அதைவிடப் பெரிய ஆதாயம் வேறு. வாங்கிய கடிகாரத்தில் விளக்கு எந்தக் கண்ணாடியால் ஆனது, எவ்வளவு ருபீடியம் அடைத்தனர், எத்தனை நாள் எரித்துச் சோதித்தனர் என்பவை விற்றவரின் ஏட்டில் இருக்கும். நாமே செய்ததில் அவை நம் ஏட்டில் இருக்கும். விண்ணிலிருந்து வரும் விளக்கொளி அளவீட்டை அந்த ஏட்டோடு வைத்துப் பார்த்தால்தான், மாற்றுச் செயற்கைக்கோளுக்கு எந்த நிதியாண்டில் பணம் கேட்பது என்று சொல்ல முடியும். ஒரு செயற்கைக்கோளை உருவாக்கி ஏவுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். விளக்கு அணைந்தபின் கோப்பைத் தொடங்கினால் அந்த ஆண்டுகள் முழுவதும் படகுகள் பிற நாட்டுக் கடிகாரத்தை நம்பியே கடலில் இருக்க வேண்டும்.

இந்த அவையிலுள்ள இயற்பியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். காரத்தைத் தாங்கும் கண்ணாடி, அதை ஊதும் கைத்திறன், மைக்ரோகிராம் உலோகத்தைக் காற்றுப்படாமல் அடைக்கும் முறை ஆகியவை பாடநூலில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் செய்திகள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி ஊதுபவர் ஓய்வுபெற்றால் அவ்விடத்தை நிரப்புவதற்கு எழுதப்படும் கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்கிறது என்பதை அறிவேன். அத்தொழிலைக் கற்க விரும்புவோர் உங்களுள் இருப்பின், கூட்டம் முடிந்தபின் என்னைச் சந்தியுங்கள். எந்த நிறுவனங்களுக்கு எழுத வேண்டும் என்று என்னால் கூற இயலும்.